செவியும் சொல்லும்

தூத்துக்குடியைச் சார்ந்த கடற்கரையை முத்துக்குளித்துறை என்று உலகம் அறியும். பாண்டியர் காலத்துக் கொற்கை தொட்டு இக்கரையில் முத்துக் குளிக்கும் தொழில் பேர் பெற்று விளங்கியது. 1961ஆம் ஆண்டில் நடைபெற்றதே இங்கு நிகழ்ந்த கடைசி முத்துக் குளிப்பாகும். முத்துக் குளிப்போன் கனத்த கல்லொன்றின் துணையால் கடலுள் இறங்குவான். பல பாகம் ஆழத்தில் உள்ள பாரை அடைந்து, சிப்பிகளைத் திரட்டிப் பையில் இடுவான். மூச்சு முட்டும் வேளையில் கயிற்றை அசைப்பான். தோணியில் நிற்பவன் அக்குறிப்பை உணர்ந்து விரைந்து மேலே இழுப்பான். நீருக்குள் வாய் திறந்து பேச இயலாது. ஆயினும் அங்கே ஒருவன் மற்றொருவனோடு பேசினான். பேசியவனுடைய உயிரைக் காத்தது கேட்டவனுடைய விழிப்பே. தோணியில் நின்றவன் கருத்தின்றி இருந்திருப்பானாயின், கயிறு எத்தனை முறை அசைந்தும் பயன் இல்லை.

பேச்சு என்பது பேசுவோனால் மட்டும் நிறைவு பெறுவதன்று. கேட்போனாலும் நிறைவு பெறுவது. இவ்வுண்மையை எல்லாரும் அறிதல் நன்று. குழந்தைகளுக்குப் பேச்சுக் கற்பிக்க முன்வருவோர் இதனைச் சிறப்பாக அறிதல் வேண்டும். கடல் கடந்து, பிறமொழி வழங்கும் நாட்டிற்குச் சென்று, அங்குள்ள சிறுவர்க்குப் பேச்சுப் பயிற்சி அளிக்கும் மாணவர்க்கோ இதுவே முதற்பாடமாக அமைதல் வேண்டும் என்பது என் கருத்து.

குழந்தை பேசக் கற்கும் முறையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். பிறந்த குழந்தை தாயின் குரலைக் கேட்கிறது. ஆறு திங்கள் அளவில் பொருளற்ற ஒலிகளை மாறி மாறி எழுப்பி மகிழ்கிறது. ஓராண்டு நிறையும் காலத்தில் முதற்சொல் பிறக்கிறது. இரண்டு வயது அளவில் இரண்டு சொற்களைச் சேர்த்துத் தன் விருப்பத்தைக் கூறுகிறது. இவ்வளவுக்கும் அடிப்படையாவது கேள்வி. கேட்ட சொல்லே நாவில் திரும்பி வருகிறது. திருவள்ளுவரும் கல்வியையும் கல்லாமையையும் கூறிய பின், கேள்விக்கென்றே தனியோர் அதிகாரம் வகுத்தார். கேள்வி எத்துணைப் பெருஞ் செல்வம் என்பதனை அவர் நன்கு உணர்ந்திருந்தார் அன்றோ?

செவி கேளாத குழந்தைக்கு இச்செல்வம் பிறவியிலேயே மறுக்கப்படுகிறது. அதன் நாவிலும் குறையில்லை; குரல்வளையிலும் குறையில்லை. கேளாமையால் அது பேசவில்லை. ஆனால், அக்குழந்தையை 'ஊமை' என்று ஊரார் அழைத்து விடுகின்றனர். அறிவும் குறைந்தது என்று எண்ணி மூலையில் அமர்த்தி விடுவாரும் உளர். செவியின் குறையை அறிவின் குறையாகக் கொள்வது கொடிய பிழை. இப்பிழையைக் களைவதற்கே பேச்சுப் பயிற்சிக் கலை தோன்றியது.

செவி கேட்கும் குழந்தைகளிலும் பேச இடர்ப்படுவோர் உண்டு. சிலர் திக்கிப் பேசுவர். சிலருக்கு மேலுதடோ அண்ணமோ பிளந்திருத்தலால் ஒலி தெளிவாக வருவதில்லை. சிலர் சில எழுத்துகளை மாற்றி ஒலிப்பர். சிலர்க்குச் சொற்கள் காலம் தாழ்த்தே வரும். இவர்கள் அனைவருக்கும் உதவுவது இக்கலை. இது பொறுமையை முதலாகக் கொண்ட தொழில். ஓர் ஒலியைத் திருத்தப் பல வாரம் செல்லலாம். ஒரு சொல்லைப் பெறப் பல திங்கள் காத்திருத்தல் வேண்டும்.

அயல்நாட்டார் ஒருவர் வந்து நம் குழந்தைக்குப் பேச்சுக் கற்பிக்க இயலுமா என்று சிலர் ஐயுறுவர். தமிழ் அறியாதவர் தமிழ்க் குழந்தைக்கு என்ன சொல்லித் தரக் கூடும் என்பது அவர்கள் வினா. வினா நியாயமானதே. அதற்கு இக்கடற்கரையின் வரலாறே விடை கூறுகிறது.

பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் போர்த்துகல் நாட்டிலிருந்து அண்டிரிக் அடிகளார் என்னும் துறவி முத்துக்குளித்துறைக்கு வந்தார். தொடக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் துணைகொண்டே அவர் மக்களோடு பேச நேர்ந்தது. பிறர் வாயால் பேசுவது போதாது என்று கண்டு, தமிழைக் கற்கத் தொடங்கினார். தமிழின் ஒலிகளை உற்றுக் கேட்டார், பேசிப் பழகினார். பின்னர், தமிழ் இலக்கணத்தைத் தம் நாட்டார் அறியும்படி போர்த்துகீசிய மொழியில் எழுதினார். 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சிடப்பெற்ற 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூல் அவர் ஆக்கித் தந்ததே. 1600ஆம் ஆண்டில் மறையும் வரை இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டார். அவர் பேச்சுப் பயிற்சி அளிக்க வந்தவர் அல்லர். சமயப் பணிக்கு வந்தவர். எனினும், பிறமொழி நாட்டில் பணி செய்வோர் முதலில் மாணவராதல் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வு நல்ல சான்று.

மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், இக்கரைக்கு அருகே உள்ள பாளையங்கோட்டையில் மற்றோர் அயல்நாட்டார் அரும்பணி ஒன்றைத் தொடங்கினார். அவர் இங்கிலாந்திலிருந்து வந்த பிளாரன்ஸ் சுவேன்சன் அம்மையார். செவி கேளாத பிள்ளைகளுக்கென்று 1897ஆம் ஆண்டில் அவர் பாளையங்கோட்டையில் பள்ளி ஒன்றை நிறுவினார். இந்திய நாட்டில் இத்தகைய பள்ளிகள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இருந்த காலம் அது. இவர்களுக்குக் கல்வி எதற்கு என்று உலகம் கேட்ட நாளில், கல்வி இவர்களுக்கும் உரியது என்று செயலால் விடை கூறினார் அவ்வம்மையார். அவர் பெயரைத் தாங்கிய அப்பள்ளி இன்றும் மேல்நிலைப் பள்ளியாக விளங்குகிறது. நட்டவர் மறைந்த பின்னும் மரம் நிழல் தருவதற்குக் காரணம், அது இம்மண்ணில் வேர்கொண்டதே ஆகும்.

மாணவப் பருவம் கடந்த சிறிது காலத்திலேயே அயல்நாடு சென்று இப்பணி புரிந்த ஓர் இளைஞரையும் இங்கு நினைத்தல் தகும். தொலைபேசியைக் கண்டறிந்தவர் என்று நாம் அறிந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லே அவர். ஸ்காட்லாந்தில் 1847இல் பிறந்த அவர், 1871இல் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகருக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. அவருடைய அன்னையார் செவிப்புலன் குன்றியவர். தந்தையார் பேச்சொலிகளைக் குறியீடுகளால் எழுதிக் காட்டும் முறையை வகுத்தவர். அம்முறையைச் செவி கேளாதோர் பள்ளியின் ஆசிரியர்களுக்குக் கற்பிக்கவே பெல் அங்குச் சென்றார்.

பாஸ்டனில் ஜார்ஜ் சாண்டர்ஸ் என்னும் ஐந்து வயதுச் சிறுவன் அவரிடம் மாணவனாக வந்து சேர்ந்தான். பிறவியிலேயே செவி கேளாதவன் அவன். ஒலியைக் கற்றுக்கொள் என்று அச்சிறுவனைப் பெல் வருத்தவில்லை. அவனோடு விளையாடினார், விளையாட்டுப் பொருள்களில் அவற்றின் பெயரை எழுதி ஒட்டினார். கையுறை ஒன்றில் எழுத்துகளைப் பொறித்து அவன் கையில் அணிவித்தார். அவ்வெழுத்துகளைத் தொட்டுத் தொட்டு இருவரும் சொற்களைக் கூட்டி உரையாடினர். ஆசிரியர் மாணவனுடைய கையளவுக்கு இறங்கி வந்தார். மாணவன் மொழியின் உலகிற்கு ஏறி வந்தான். அறிவியல் மேதை என்று போற்றப்படும் பெல், தம்மைச் செவி கேளாதோரின் ஆசிரியர் என்று கூறிக்கொள்வதிலேயே பெருமை கொண்டார்.

இக்காலத்தில் பேச்சுப் பயிற்சிக் கலை பல்கலைக்கழகங்களில் பட்டப் படிப்பாக விளங்குகிறது. இந்தியாவில் மைசூரில் 1965ஆம் ஆண்டில் அமைந்த அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இத்துறையில் முன்னோடியாகும். அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இக்கலை பயிலும் மாணவர் சிலர், விடுமுறையிலோ பயிற்சிக் காலத்திலோ வேற்று நாடுகளுக்குச் சென்று, சிறுவர் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் சில வாரங்கள் பணி செய்கின்றனர். அவர்கள் எண்ணம் உயர்ந்தது. ஆனால், எண்ணம் உயர்ந்ததாய் இருந்தால் மட்டும் போதுமா? சென்ற இடத்துக் குழந்தைக்கு அதனால் நிலைத்த பயன் விளைய வேண்டாமா?

முதற்கண், மொழியின் இயல்பை அறியாமல் பேச்சைத் திருத்தப் புகுவது இடர் தரும். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளில் சிறுவன் ஒருவன் 'வாழைப்பழம்' என்பதனை 'வாளப்பளம்' என்கிறான். அது அவன் நாவின் குற்றமா? அவன் தந்தையும் தாயும், பாட்டனும் பாட்டியும், தெருவில் உள்ளோரும் அவ்வாறே பேசுகின்றனர். அது வட்டார வழக்கு. எழுத்து மொழியில் ழகரத்தின் ஒலியைப் பள்ளியில் கற்பிக்க வேண்டுவது ஆசிரியர் கடமை. ஆனால், அச்சிறுவனுக்குப் பேச்சுக் குறை என்று பெயர் சூட்டுவது அறியாமை. மற்றொரு சிறுவன் 'தம்பி' என்பதனைப் 'பம்பி' என்றும், 'கடல்' என்பதனைத் 'தடல்' என்றும் ஐந்து வயதுக்குப் பின்னும் கூறுவானாயின், அவனுக்கு உதவி தேவைப்படலாம். முன்னது வழக்கு; பின்னது குறை. இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால், அவ்வூர் மக்கள் பேசும் பேச்சைச் செவி குளிரக் கேட்டிருத்தல் வேண்டும்.

அயல்நாட்டாருக்கு மட்டும் உரிய எச்சரிக்கை அன்று இது. தூத்துக்குடியில் பிறந்த மாணவி ஒருத்தி இக்கலையைக் கற்று, மன்னார்க் கடலைக் கடந்து யாழ்ப்பாணத்துச் சிறுவர்க்குப் பயிற்சி அளிக்கச் செல்வதாகக் கொள்வோம். இரு கரையிலும் தமிழே வழங்குகிறது. எனினும், நாம் 'பேசுதல்' என்பதனை அங்குக் 'கதைத்தல்' என்பர். 'காற்று' என்னும் சொல்லில் வரும் றகர இரட்டையை, ரகரம் கலவாமல், நுனிநா அண்ணத்தின் முன்பகுதியை ஒற்றி நிற்க ஒலிப்பர். நம்மவர் படிக்கும்போது அதனை 'ட்ர' என்பதுபோல் ஒலிப்பர். அம்மாணவி தன் ஊர் ஒலிப்பையே சரியென்று கொண்டு யாழ்ப்பாணக் குழந்தையைத் திருத்தினால், நோயில்லாத உடம்புக்கு மருந்து கொடுத்தவள் ஆவாள். ஒரே மொழி பேசுவோரிடத்தே இவ்வளவு விழிப்பு வேண்டுமானால், வேற்று மொழியினர்க்கு எவ்வளவு வேண்டும்!

தமிழ் ஒலிகளின் பிறப்பை நம் முன்னோர் நுணுகி ஆராய்ந்துள்ளனர். தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்னும் பகுதி ஒன்று உண்டு. காற்று எங்கிருந்து எழுகிறது, நெஞ்சும் மிடறும் தலையும் எவ்வாறு துணைசெய்கின்றன, நாவும் பல்லும் இதழும் அண்ணமும் மூக்கும் எவ்வெழுத்துக்கு எவ்வாறு பொருந்துகின்றன என்பவற்றை அது கூறுகிறது. பேச்சுப் பயிற்சி அளிப்போர் இன்று கற்கும் பாடத்தின் தொடக்கம் அங்கே இருக்கிறது. தமிழ்க் குழந்தைக்கு உதவ வருவோர், ஆங்கில ஒலிகளுக்கென வகுத்த அட்டவணையைக் கொண்டு வருவதோடு நில்லாமல், தமிழின் ஒலி முறையையும் கேட்டறிந்து பணி தொடங்குதல் வேண்டும்.

சொல் கற்பிக்கப் பயன்படும் படங்களும் அவ்வாறே. பனி மனிதனையும் புகைபோக்கி வைத்த வீட்டையும் காட்டி, இது யாது என்று கேட்டால், உப்பளத்தில் தாய் வேலை செய்யும் குழந்தை என்ன சொல்லும்? அது விழிக்கும். விழிப்பதைக் கண்டு அதற்கு மொழி வளர்ச்சி இல்லை என்று முடிவு கட்டுதல் முறையாகுமா? அதே குழந்தையிடம் சங்கையும் சிப்பியையும், வலையையும் தோணியையும், பனையையும் நுங்கையும் காட்டுக. சொல் தானே பிறக்கும். குழந்தை அறிந்த உலகிலிருந்தே அதன் சொல்லை எடுத்தல் வேண்டும்.

அடுத்தது கால அளவு. பேச்சு ஒரு திங்களில் விளையும் பயிரன்று. சில வாரங்களே தங்கும் மாணவர், குழந்தையை மட்டும் எதிரில் அமர்த்திப் பயிற்சி தந்து மீண்டால், அவரோடு அப்பயிற்சியும் கப்பல் ஏறிவிடும். ஆதலின், அவர் கற்பிக்க வேண்டியது குழந்தைக்கு மட்டுமன்று. தாய்க்கும் ஆசிரியைக்குமே முதலில் கற்பித்தல் வேண்டும். நாள்தோறும் சோறூட்டும்போதும், நீராட்டும்போதும், தலை வாரும்போதும் குழந்தையின் முகம் பார்த்துப் பேசுபவள் தாய். அவள் வீடே பேச்சுப் பள்ளி. வந்தவரிடம் அவள் முறையைக் கற்கலாம்; அவளிடம் வந்தவர் மொழியைக் கற்கலாம். இவ்வாறு இருவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியராகவும் மாணவராகவும் அமையும் இடத்தில்தான் பணி வேர் கொள்ளும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு; அது மிக இன்றியமையாதது. பேச்சைக் கற்பிக்கும் ஆர்வத்தால் சைகையைப் பகைத்தல் ஆகாது. 1880ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் மிலான் நகரில் செவி கேளாதோரின் ஆசிரியர்கள் மாநாடு ஒன்று கூடியது. அங்கே கூடியவர் மிகப் பெரும்பாலோர் செவி கேட்போர். வாய்ப்பேச்சே சிறந்தது, சைகையைப் பள்ளியிலிருந்து விலக்குக என்று அவர்கள் தீர்மானித்தனர். அதன் விளைவாகப் பல நாட்டுப் பள்ளிகளில் சைகை மொழி தடை செய்யப்பட்டது. செவி கேளாத ஆசிரியர் பலர் வேலை இழந்தனர். கையுறை எழுத்தால் சிறுவனுக்கு மொழி தந்த பெல்லும் பிற்காலத்தில் இக்கட்சியையே ஆதரித்தார் என்பது வருந்தத்தக்கது. 2010ஆம் ஆண்டில் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய அதே வகை மாநாடு, மிலான் தீர்மானங்களைத் தள்ளி, அவற்றால் விளைந்த தீங்குக்கு வருத்தம் தெரிவித்தது. நூற்று முப்பது ஆண்டுகள் சென்றன! அத்தனை காலமும், செவி கேளாதோர் தம் கையால் கூறியதனை, செவி கேட்போர் கேளாதிருந்தனர் எனலாம்.

வாயால் பேசக் கூடிய குழந்தைக்கு வாய்ப்பேச்சைக் கற்பிப்போம். சைகையால் சிறக்கும் குழந்தைக்குச் சைகை மொழியைத் தருவோம். இரண்டும் இயலுமாயின் இரண்டையும் தருவோம். குழந்தைக்கு மொழி வேண்டும். அது எவ்வழி வந்தாலும் நன்றே. இந்தியச் சைகை மொழிக்கென 2015ஆம் ஆண்டில் புதுதில்லியில் தனி மையம் அமைந்துள்ளது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றபோது, பேச்சு, மொழிக் குறைபாடும் அதன்கண் இடம்பெற்றது. இவை நம்பிக்கை தரும் மாற்றங்கள்.

இக்காலத்தில் கருவிகளும் பெருகியுள்ளன. பிறந்த சில நாளிலேயே குழந்தையின் செவிப்புலனைச் சோதித்தறியலாம். செவித்துணைக் கருவியால் பயன் பெறாத சிறு குழந்தைகளுக்கு உட்செவியில் பொருத்தும் காக்ளியர் கருவியை, தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாகக் கட்டணமின்றிப் பெற வழியுண்டு. ஆனால், கருவி ஒலியைத் தருமே அன்றிப் பேச்சைத் தராது. அறுவை மருத்துவம் ஒரு நாளில் முடியும். அதன் பின் பேச்சுப் பயிற்சி நெடுங்காலம் தொடர வேண்டும். கடற்கரைச் சிற்றூரில் வாழும் தாய், ஒருநாள் கூலியை இழந்து, குழந்தையைத் தோளில் சுமந்து, நகரத்து மையத்துக்கு மீண்டும் மீண்டும் வர வேண்டியிருக்கிறது. அவள் வருகை தடைப்பட்டால் கருவியின் பயனும் தடைப்படும். ஆதலால், பயிற்சி அவளை நாடிச் செல்லுதல் வேண்டும். அதற்கு, அயல்நாட்டு மாணவர் சில வாரம் வந்து போவதை நம்பியிருத்தல் தகாது. இம்மண்ணில் பிறந்து, இவ்வூர் வழக்கை அறிந்த இளைஞர் பலர் இக்கலையைக் கற்று முன்வருதல் வேண்டும். வருகின்ற விருந்தினரை வரவேற்போம். விளக்கேற்றும் கடமை வீட்டாருடையதே.

மாணவர்களே! பொறியியலும் மருத்துவமும் போலப் பேச்சுப் பயிற்சியும் நீங்கள் கற்கத்தக்க ஒரு துறை என்பதை மறவாதீர். அத்துறையை மேற்கொள்ளாதோரும் இன்றே செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. உங்கள் வகுப்பில் திக்கிப் பேசும் தோழன் ஒருவன் இருக்கலாம். அவன் வாயில் சொல் தடைப்படும்போது நகையாதீர். அவன் சொல்ல வந்ததை நீங்கள் முந்திக்கொண்டு முடித்தும் வைக்காதீர். அவன் முகத்தை நோக்கிப் பொறுமையாக இருங்கள். அவன் சொல் வந்து சேரும். செவி கேளாத தோழி ஒருத்தி இருந்தால், அவள் உங்கள் உதடுகளைக் காணும்படி நேர்நின்று பேசுங்கள். அவள் கைமொழியில் நான்கு சொற்களையேனும் கற்றுக்கொள்ளுங்கள். இதற்குப் பட்டமும் வேண்டா. கடல் கடந்து செல்லவும் வேண்டா. பிறருக்காக ஒரு நிமிடம் காத்திருக்கக் கற்றால் போதும். அந்த ஒரு நிமிடத்தில், தனக்குள் அடைபட்டுக் கிடந்த ஒருவன் நம்மிடையே வந்து அமர்வான்.